ஒத்தெல்லோவுக்குத் தகுதி இருந்தது. அது ஏன் போதவில்லை?

(குடும்பங்கள் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களிடம் ஒரு நாடகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். உரிமைகளைப் பற்றிப் பேசும் இடத்தில் நாடகக் கதை எதற்கு என்று சிலர் யோசிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். 400 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த நாடகம், இனம், அந்தஸ்து, தகுதி ஆகிய மூன்றும் ஒரு மனிதனின் வாழ்க்கையில் மோதினால் என்ன ஆகும் என்பதை அப்படியே காட்டுகிறது.

நாடகத்தின் பெயர் ஒத்தெல்லோ. எழுதியவர் ஷேக்ஸ்பியர். 1604ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸின் அரண்மனையில் இது நடிக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. நம்மில் வயதானவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1963ல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜி ஒத்தெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டமோனாவாகவும் வரும் மேடைக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டுக் கொன்றவனின் கதை என்று அதை நினைவில் வைத்திருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது, யார் ஊட்டினார்கள், அவன் அதை ஏன் நம்பினான் என்று கேட்டால்தான் மீதிப் பாதி தெரியும்.

கதை என்ன?

இத்தாலியில் வெனிஸ் என்று ஒரு குடியரசு. கடல் வாணிபத்தில் கொழித்த பணக்கார நாடு. அதற்குப் படைத்தளபதி ஒத்தெல்லோ. அவன் வெனிஸ்காரன் அல்ல. 'மூர்' இனத்தவன், கறுப்பன். ராஜ வம்சத்தில் பிறந்தும் எதிரிகளிடம் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டவன். பிறகு மீட்கப்பட்டு, போர்க்களங்களில் உழைத்து, தன் திறமை ஒன்றினாலேயே மேலே வந்தவன்.

பிரபான்சியோ என்ற செனட்டரின் மகள் டெஸ்டமோனா. அவள் ஒத்தெல்லோவை விரும்பி, அப்பாவுக்குத் தெரியாமல் அவனை மணந்துகொள்கிறாள். ஒத்தெல்லோவுக்குக் கீழே இயாகோ என்று ஒருவன். கொடி தாங்கும் அதிகாரி. துணைத்தளபதி பதவி தனக்கு வரும் என்று காத்திருந்தவன். அந்தப் பதவியை ஒத்தெல்லோ, ஃபுளோரன்ஸ் நகரத்து இளைஞன் கேசியோவுக்குக் கொடுத்துவிட்டான். இயாகோ அந்த வன்மத்தில் பொய்களைப் பின்னி, டெஸ்டமோனாவுக்கும் கேசியோவுக்கும் தொடர்பு இருப்பதாக ஒத்தெல்லோவை நம்ப வைக்கிறான். ஒத்தெல்லோ குற்றமற்ற மனைவியைக் கொல்கிறான். உண்மை தெரிந்ததும் தன்னையே மாய்த்துக்கொள்கிறான்.

இந்தக் கதையின் கரு ஷேக்ஸ்பியருடையது அல்ல. சிந்தியோ என்ற இத்தாலியர் 1565ல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. அந்தக் கதையில் வில்லன் கெடுதல் செய்வதற்குக் காரணம், அவன் டெஸ்டமோனாவின்மேல் கொண்ட ஆசை நிறைவேறாததுதான். பதவி உயர்வு கிடைக்காத கோபத்தைச் சேர்த்தவர் ஷேக்ஸ்பியர். சந்தேகக் கதையாக இருந்ததை, யாருக்குப் பதவி, எந்தத் தகுதியில் பதவி என்ற சண்டையிலிருந்து அவர் தொடங்கி வைத்தார்.

தகுதி, தகுதி என்று கத்தியவன் யார்?

நாடகம் திறக்கும்போதே இயாகோ புலம்புகிறான். தான் ரோட்ஸ் தீவிலும் சைப்ரஸிலும் போரிட்டவனாம். கேசியோ புத்தகம் படித்துக் கணக்குப் போடத் தெரிந்தவன் மட்டுமேயாம், போர்க்களத்தைக் கண்டதில்லையாம். இப்போதெல்லாம் பணிமூப்புக்கு மதிப்பில்லை, சிபாரிசுக் கடிதத்துக்கும் வேண்டியவர்களுக்கும்தான் பதவி என்கிறான்.

கேட்கும்போது நமக்கே அவன்மேல் பரிதாபம் வரும். பத்து வருடம் வேலை தெரிந்து செய்தவன் இருக்க, நேற்று வந்தவனை மேலாளாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு வழக்கறிஞராக நான் அவன் வாக்குமூலத்தை இன்னொரு முறை படிக்கச் சொல்வேன். அதே பேச்சில் இயாகோ இன்னொன்றையும் உளறிவிடுகிறான். தனக்காக நகரத்தின் பெரிய மனிதர்கள் மூன்று பேர் ஒத்தெல்லோவிடம் போய்த் தொப்பியைக் கழற்றிச் சிபாரிசு செய்தார்களாம். ஒத்தெல்லோ மசியவில்லையாம். ஆக, சிபாரிசைத் திட்டுகிற இவனே முதலில் சிபாரிசுக்குப் போனவன். சிபாரிசு பலித்திருந்தால் அவன் வாயில் 'தகுதி' என்ற சொல்லே வந்திருக்காது.

இந்த மாதிரி ஆட்களை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். கதவு தனக்குத் திறந்தால் அது உரிமை, அடுத்தவனுக்குத் திறந்தால் அது அநியாயம் என்பார்கள்.

அந்தக் கோபத்தை இயாகோ எப்படிக் காட்டுகிறான்? கேசியோவுக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும் என்று தளபதியிடம் நேரில் கேட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. நள்ளிரவில் பிரபான்சியோவின் வீட்டு வாசலில் நின்று, ஒத்தெல்லோவின் நிறத்தைச் சொல்லி, அவனை மிருகங்களோடு ஒப்பிட்டுக் கூச்சல் போடுகிறான். பதவிச் சண்டையில் கையில் வேறு ஆயுதம் இல்லாதபோது இனத்தை எடுக்கிறான். வெனிஸில் அந்த ஆயுதம் எந்த வீட்டு வாசலிலும் கிடந்தது. குனிந்து எடுக்க வேண்டியதுதான்.

விருந்தாளியாக இருக்கலாம், மருமகனாகக் கூடாது

பிரபான்சியோவைப் பாருங்கள். இவர் ஒத்தெல்லோவைத் தம் வீட்டுக்குப் பலமுறை அழைத்தவர். பக்கத்தில் உட்கார வைத்து, போர்க் கதைகளைக் கேட்டு ரசித்தவர். அப்போது அவன் கறுப்பன் என்பது அவருக்கு உறுத்தவில்லை. மகள் அவனை மணந்தாள் என்று தெரிந்த அந்த நிமிடத்தில் எல்லாம் மாறுகிறது. தம் மகள் அறிவோடு இருந்தால் இவனை விரும்பியிருக்கவே முடியாது, மாந்திரீகம் செய்து மயக்கிவிட்டான் என்று குற்றம் சாட்டுகிறார்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. ரோடரிகோ என்ற பணக்கார அசடன் டெஸ்டமோனாவின் பின்னால் அலைந்தவன். வாசல் பக்கம் வராதே என்று பிரபான்சியோ அவனை விரட்டி வைத்திருந்தார். அன்றிரவு அதே ரோடரிகோவைப் பார்த்து, உனக்கே அவளைக் கொடுத்திருக்கலாமே என்று அங்கலாய்க்கிறார். நாட்டைக் காக்கும் தளபதி ஒரு பக்கம், உருப்படாத பையன் ஒரு பக்கம். அப்பாவின் தராசு பையன் பக்கம் சாய்கிறது. தகுதியை அவர் நிறுத்துப் பார்க்கவே இல்லை.

வெளிநாட்டுக் கதை என்று இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது. வரன் பார்க்கும்போது பையனின் படிப்பையும் குணத்தையும் விட்டுவிட்டு, என்ன ஆட்கள் என்று மெதுவாக விசாரிக்கிற வீடுகள் நம்மிடமும் உண்டு. நிறத்தைப் பார்த்துப் பெண்ணை ஒதுக்குகிற வீடுகளும் உண்டு. நாம் பிறரிடம் கேட்கிற நியாயத்தை நம் வீட்டுக்குள்ளும் வைத்திருக்க வேண்டும்.

சபையில் நடந்த விசாரணை

வழக்கு அன்றிரவே வெனிஸ் நாட்டின் தலைவரான டியூக்கின் சபைக்கு வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவன் யார் என்று தெரிவதற்கு முன், டியூக் பிரபான்சியோவுக்கு வாக்குக் கொடுக்கிறார்: செய்தவன் என் சொந்த மகனாக இருந்தாலும் கடுமையான சட்டத்தை நீங்களே அவன்மேல் பாய்ச்சலாம் என்று. அந்த ஆள் ஒத்தெல்லோ என்று தெரிந்ததும் குரல் மாறுகிறது. வெறும் குற்றச்சாட்டு சாட்சியம் ஆகாது, ஆதாரம் எங்கே என்கிறார்.

சட்டப்படி அது சரியான கேள்விதான். ஒத்தெல்லோ தன் பக்கத்தைச் சொல்ல அனுமதிக்கப்படுகிறான். டெஸ்டமோனாவை அழைத்து அவள் வாயாலேயே கேட்கிறார்கள். அவள் சபை நடுவே நின்று, விரும்பித்தான் மணந்தேன் என்கிறாள். வழக்கு தள்ளுபடி.

ஆனால் அன்றிரவு வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். துருக்கியக் கப்பல்கள் சைப்ரஸ் தீவை நோக்கி வருகின்றன. தீவைக் காப்பாற்ற ஒத்தெல்லோவைவிட்டால் ஆளில்லை. நாடகம் தொடங்கியதிலிருந்து எல்லோரும் அவனை 'மூர்' என்றும் அதைவிடக் கேவலமாகவும்தான் குறிப்பிட்டு வந்தார்கள். முதன்முதலாக 'ஒத்தெல்லோ' என்று பெயர் சொல்லி அழைப்பவர் டியூக்தான். அழைத்த அடுத்த மூச்சில், உடனே போருக்குப் போக வேண்டும் என்கிறார்.

துருக்கியர் வராத ஓர் இரவில் இதே வழக்கு வந்திருந்தால் தீர்ப்பு என்னவாக இருந்திருக்கும்? இதைத்தான் ஒவ்வொரு சிறுபான்மை மனிதனும் தன் வெற்றிக்கு நடுவில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்குக் கிடைத்தது நீதியா, அல்லது என் கைத்திறமைக்குக் கிடைத்த சலுகையா?

தீர்ப்புக்குப் பிறகு டியூக் பிரபான்சியோவுக்குச் சொல்லும் ஆறுதலும் கவனிக்க வேண்டியது. உங்கள் மருமகனின் குணத்தைப் பார்த்தால் அவன் கறுப்பனே அல்ல, வெளுப்பு என்கிற பொருளில் பேசுகிறார். பாராட்டுவது போல இருக்கும். நல்ல குணம் என்றால் வெள்ளை, கறுப்பு என்றால் கெட்டது என்ற கணக்கு அதற்குள் அப்படியே இருக்கிறது. 'நீ உன் ஆட்களைப் போல இல்லை' என்று யாராவது உங்களைப் புகழ்ந்தால், யாரைத் திட்டுகிறார் என்று யோசியுங்கள்.

தேவை முடிந்ததும்

துருக்கியக் கப்பல்களைப் புயல் அடித்துச் சிதறடித்துவிடுகிறது. போரே நடக்கவில்லை. ஒத்தெல்லோ சைப்ரஸில் இறங்கும்போது அவனுடைய அவசியம் கடலில் மூழ்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் வீழ்ச்சி தொடங்குகிறது.

நான்காம் அங்கத்தில் வெனிஸிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. ஒத்தெல்லோ திரும்பி வர வேண்டும், அவன் இடத்தில் கேசியோ பொறுப்பேற்க வேண்டும். அந்த நேரம் ஒத்தெல்லோ கொலை எதையும் செய்திருக்கவில்லை. அவன் வேலையில் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. காரணத்தை நாடகம் சொல்வதும் இல்லை. ஆபத்து நீங்கியதும் ஆளை மாற்றினார்கள் என்று நான் படிக்கிறேன்.

ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலும் இதே இரண்டு முகம் இருந்தது. 1596ல் எலிசபெத் அரசியின் ஆட்சி இலண்டன் மேயருக்குக் கடிதம் எழுதி, நாட்டில் கறுப்பர்கள் ஏற்கனவே அதிகம் என்று சொல்லி, சிலரை நாட்டைவிட்டு அனுப்ப உத்தரவிட்டது. நான்கே ஆண்டுகளில், 1600ல், மொரோக்கோ நாட்டின் தூதர் இலண்டனுக்கு வந்தபோது அதே அரசி அவரை வரவேற்றார். ஸ்பெயினுக்கு எதிராகக் கூட்டணி தேவைப்பட்டது. அந்தத் தூதரின் ஓவியம்கூட இன்றும் இருக்கிறது. வேலைக்காரனாக வந்த கறுப்பன் அதிகம் என்று தோன்றியது. கூட்டாளியாக வந்தவர் மரியாதைக்குரியவராகத் தெரிந்தார்.

உள்ளே இறங்கிய நஞ்சு

இனி நாடகத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒத்தெல்லோ திறமைசாலி, தைரியசாலி. அவனை இயாகோ எப்படி வீழ்த்தினான்?

இயாகோ அவனிடம் சொல்வதன் சாரம் இது: தன் நாட்டவன், தன் நிறத்தவன், தன் அந்தஸ்துள்ளவன் என்று வந்த வரன்களை எல்லாம் தள்ளிவிட்டு இவள் உன்னைத் தேர்ந்தெடுத்தாள் என்றால், அது இயற்கைக்கு மாறானது. அவள் மனம் ஒருநாள் தன் இனத்துக்கே திரும்பும்.

இது பிரபான்சியோ சபையில் பேசிய அதே பேச்சு. அன்று எதிரியின் வாயிலிருந்து வந்தபோது ஒத்தெல்லோ நிமிர்ந்து நின்றான். இன்று நண்பனின் வாயிலிருந்து வந்ததும் உடைந்துபோகிறான். நான் கறுப்பன், நாகரிகமாகப் பேசத் தெரியாதவன், வயதும் ஏறிவிட்டது, அதனால்தான் அவள் போய்விட்டாள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்கிறான். பழிபட்ட பெயர் தன் முகத்தைப் போலக் கறுத்துவிட்டது என்கிறான்.

இதைவிடப் பெரிய தோல்வி ஒரு மனிதனுக்கு இல்லை. வெளியே இருந்து வீசிய அவமானத்தை ஒருவன் தட்டிவிட்டுப் போகலாம். அதை அவனே எடுத்து விழுங்கிவிட்டால் பிறகு இயாகோவே தேவையில்லை. நம் பிள்ளைகளிடம் 'நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது', 'நம் ஆளுங்களே இப்படித்தான்' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வார்த்தைகளை முதலில் யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு கைக்குட்டையில் தூக்குத் தண்டனை

ஆனாலும் ஒத்தெல்லோவுக்காக நான் வாதாடி அவனை விடுவிக்கப் போவதில்லை. விடுவிக்க முடியாது.

வெனிஸ் சபை அவனுக்கு என்ன கொடுத்தது? இரு தரப்பையும் கேட்டது. சாட்சியை நேரில் அழைத்தது. அதே ஒத்தெல்லோ தன் மனைவிக்கு என்ன கொடுத்தான்? கேசியோ தூக்கத்தில் உளறினான் என்று இயாகோ சொன்ன கதை. தொலைந்துபோன ஒரு கைக்குட்டை. தூரத்தில் நின்று பார்த்த ஒரு சிரிப்பு. கேசியோவை அழைத்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டெஸ்டமோனா, அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சியபோது, கேசியோ செத்துவிட்டான் என்று நம்பி, காது கொடுக்காமல் கொன்றான். ஆனால் கேசியோ சாகவில்லை.

நீதி கிடைத்தவன் அதை அடுத்தவருக்குக் கொடுக்க மறந்தான். வெளியே பட்ட அவமானத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, தன்னைவிட பலம் குறைந்தவள்மேல் இறக்கினான். மேலாளர் திட்டினால் வீட்டில் கை நீளுகிற பழக்கம் எங்காவது இருந்தால், இந்த நாடகம் அந்த வீட்டுக்கும்தான் எழுதப்பட்டது. இனப்பாகுபாட்டுக்கு ஆளானவன் என்பது எந்தக் குற்றத்துக்கும் அனுமதிச் சீட்டு அல்ல.

உண்மையை வெளியே கொண்டுவந்தது யார் தெரியுமா? பெரிய மனிதர்கள் யாரும் இல்லை. டெஸ்டமோனாவுக்குப் பணிவிடை செய்த எமிலியா, இயாகோவின் மனைவி. அந்தக் கைக்குட்டையை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தவளும் அவள்தான், எதற்கென்று தெரியாமல். அவளும் ஒத்தெல்லோவின் நிறத்தைச் சொல்லித் திட்டுகிறாள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குப் போ, வாயை மூடு என்று புருஷன் கத்தியை உருவியபோது, இனிமேல் வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்ற துணிவோடு நின்று உண்மையைச் சொன்னாள். அதற்காகக் குத்தப்பட்டுச் செத்தாள். அந்த மேடையில் அதிகாரம் ஏதும் இல்லாத ஒருத்திதான் அத்தனை பேரின் பொய்யையும் உடைத்தாள்.

மேடைக்கு வெளியே

1693ல் தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர் இந்த நாடகத்தைக் கிண்டலடித்தார். நம் நாட்டில் ஒரு கறுப்பன் முன்னேறினால் எக்காளம் ஊதுகிறவன்வரை போகலாம், ஷேக்ஸ்பியரோ அவனைத் தளபதியாகவே ஆக்கிவிட்டார் என்பது அவர் குறை. திறமையே இருந்தாலும் இவ்வளவு உயரம்தான் என்று ஒரு கோடு அவர் மனதில் இருந்தது.

அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் உண்டு. நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், 1833ல் இலண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நடித்தார். பத்திரிகைகள் சில அவரை இனத்தைச் சொல்லித் தாக்கின. இரண்டே இரவுகளோடு அந்த வாய்ப்பு முடிந்தது. அவர் ஐரோப்பா முழுவதும் நடித்துப் புகழ் பெற்று, 1867ல் போலந்தில் காலமானார்.

அடுத்தவர் பால் ராப்சன். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவரின் மகன். 1923ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தபோது, அவர் சொல்ல எழுதிக்கொள்ள வெள்ளைக்காரச் சுருக்கெழுத்தாளர் மறுத்தார். ராப்சன் சட்டத் தொழிலையே விட்டார். பட்டம் அவரிடம் இருந்தது. அதை வைத்து வேலை செய்ய இடம் இல்லை. மேடைக்குப் போனார். 1943ல் நியூயார்க் பிராட்வேயில் அவர் நடித்த ஒத்தெல்லோ 296 காட்சிகள் ஓடியது. பிறகு ஊர் ஊராகச் சென்றபோது, கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து உட்கார வைக்கும் அரங்குகளில் நடிக்க மறுத்தார். அரசியல் கருத்துக்காக 1950ல் அவருடைய கடப்பிதழை அரசு பறித்தது. 1958ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. 1959ல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரிலேயே மீண்டும் ஒத்தெல்லோவாக நின்றார்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோதே, 1987ல், ஜோகன்னஸ்பர்க்கின் மார்க்கெட் தியேட்டரில் ஜான் கனி என்ற கறுப்பின நடிகர் ஒத்தெல்லோவாக நடித்தார். வெள்ளையரும் மற்றவரும் திருமணம் செய்துகொள்வதைத் தடுத்த சட்டம் அங்கே நீக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. டெஸ்டமோனாவின் கையை ஒரு கறுப்பர் பிடிப்பதே அந்த மேடையில் ஓர் அரசியல் பேச்சாக இருந்தது.

முடிவாக

ஒத்தெல்லோ சாகும் முன் தன் கடைசிப் பேச்சைத் தொடங்கும்போது சொல்வது, நான் இந்த நாட்டுக்குச் சேவை செய்திருக்கிறேன், அது அவர்களுக்கும் தெரியும் என்பதுதான். அத்தனை வருடம் உழைத்தவன், கடைசி நிமிடத்திலும் தன் உழைப்பைச் சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது. நாட்டுக்கு உழைத்தோம், ஆகவே எங்களுக்கு மரியாதை கொடுங்கள் என்று நாமும் பேசுகிறோம். உழைப்பைச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் உழைப்புக்குக் கூலியாக வருகிற மரியாதை, வேலை முடிந்ததும் போய்விடும். படிக்காதவனுக்கும், நோயாளிக்கும், வயதாகி வேலை செய்ய முடியாதவருக்கும் சேர்த்துக் கிடைப்பதற்குத்தான் உரிமை என்று பெயர்.

ஆகவே உங்கள் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். திறமையை வளர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதோடு, திறமை இல்லாவிட்டாலும் நீ மனிதன்தான் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் யார்மேலாவது குற்றச்சாட்டு வந்தால், மனைவியானாலும் மகளானாலும் மருமகளானாலும், அவர் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டெஸ்டமோனா கேட்டது அவ்வளவுதான்.